ரிக் வருவதற்கு முன்பே தண்ணீரை எழுதி வையுங்கள்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் வாய்க்கால் கரையோரம் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. ஊர்ப்பெயரை எழுதவில்லை, அவசியமும் இல்லை. வயல் நடுவே கம்பிவேலி போட்டு, உள்ளே ஆளுயரத்துக்கு வால்வுகளோடு ஒரு எண்ணெய்க் கிணறு நிற்கிற டெல்டா ஊர் எதை எடுத்துக்கொண்டாலும் நிலவரம் ஏறக்குறைய இதுதான். எங்களுக்கு மூன்று மா நிலம். வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார், நான் மகளிர் குழுவில் இருக்கிறேன். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி கொடுத்து ஒரு பெட்டி தருகிறார்களே, அந்த ஐந்து பேரில் நானும் ஒருத்தி. நிறைய ஊர்களில் அந்தப் பெட்டி பஞ்சாயத்து ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. எங்கள் ஊரில் அது வெளியே இருந்தது. அதனால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் பின்னணி. காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் தேடுவது 1960களிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே எங்கள் தலைமுறைக்குக் கிணறு துளைக்கிற ரிக்கும் லாரியும் புதுசு இல்லை. பயம் பிடித்தது மீத்தேன் பேச்சு வந்த பிறகுதான். 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோடு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. அதில் விவசாயிகளைக் கலக்கியது வாயு அல்ல, தண்ணீர். நிலக்கரிக்குள் மீத்தேன் தானாக வெளியே வராது. மேலே நிற்கிற தண்ணீரின் அழுத்தத்தில் அது கரியோடு ஒட்டிக்கிடக்கும். அந்தத் தண்ணீரை மாதக்கணக்கில் இறைத்து வெளியே கொட்டி அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு பிரியும். போர்வெல் போட்டுக் குறுவை செய்கிற ஊரில், 'முதலில் நிலத்தடி நீரை இறைப்போம், அப்புறம் வாயு எடுப்போம்' என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? இறைத்த தண்ணீர் உப்பாக இருந்தால் அதை எந்த வாய்க்காலில் விடுவது என்ற கேள்வி வேறு.

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக வந்து இதைத்தான் விளக்கினார். அந்தப் பிரச்சாரத்தில் இருக்கும்போதே, 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் காலமானார். அந்த ஆண்டிலேயே மாநில அரசு திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு போட்டது. 2015-ல் வேண்டாம் என்று முடிவானது. 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெய், எரிவாயு எடுக்கிற திட்டத்துக்கு எதிராக நெடுவாசல் போராட்டம், அதே ஆண்டு ஜூன் 30-ல் கதிராமங்கலம். அங்கே மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதும், ஊரே திரண்டதும், வைக்கோலில் தீ எரிந்ததும், தடியடியும் கைதும் எல்லோருக்கும் தெரியும். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. போராடியதால்தான் வந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சட்டம் வந்த அன்று எங்கள் ஊரில் லட்டு கொடுத்தார்கள் பாருங்கள், அப்போதே எங்கள் பெரியப்பா ஒருவர் கேட்டார்: "அப்ப நம்ம வயக்காட்டுல நிக்கிறதை எடுத்துட்டுப் போயிடுவானா?" எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார்கள். எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு எல்லாவற்றிலும் புதிதாகத் தேடுவதையும் துளைப்பதையும் எடுப்பதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற பணிகளை அது தொடவில்லை. குழாய் பதிப்பதற்கும் விலக்கு இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுசாகவும் கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்கள் மட்டுமாகவும் சட்டத்தில் சேர்த்தார்கள். திருச்சி, கரூர், அரியலூர் பாசனப் பகுதிகள் வெளியே நின்றுவிட்டன. சட்டத்தை ஒரு தடவையாவது முழுசாகப் படியுங்கள், பத்துப் பக்கம்கூட வராது. மேடையில் சொல்வதற்கும் அதில் எழுதியிருப்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

சரி, பழைய எண்ணெய்க் கிணறு இருக்கிறது, அதற்கு அனுமதியும் இருக்கிறது. அதைச் சுற்றிக் குடிக்கிற தண்ணீரைக் காப்பாற்றுவது எப்படி? எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, தண்ணீர்க் கணக்கு எழுதுகிற நோட்டு.

பயிற்சியில் குளோரைடு, கடினத்தன்மை, காரத்தன்மை, இரும்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, பி.எச். இப்படிச் சிலவற்றைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பெட்டியில் குளோரைடு பார்ப்பது எளிது. குறித்த அளவு தண்ணீரில் மஞ்சள் மருந்தைப் போட்டு, இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் போய் செங்கல் சிவப்பு வருகிற வரைக்கும் சொட்டு எண்ண வேண்டும். கூடவே தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டுகிற ஒரு டி.டி.எஸ். மீட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பேனா மாதிரியானது, குழுப் பணத்தில் வாங்கிக்கொண்டோம். துல்லியம் பிரமாதமாக இருக்காது. ஆனால் ஒரே மீட்டரால் ஒரே பம்பை மாதாமாதம் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும், நமக்கு வேண்டியது அதுதான்.

நோட்டில் நாங்கள் எழுதியவை: பம்பு எந்தத் தெரு, எத்தனை அடி ஆழம், தேதி, கடைசியாக மழை பெய்தது எப்போது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா, டி.டி.எஸ்., குளோரைடு, நிறம், வாடை, பார்த்தவர் கையெழுத்து. மழையையும் வாய்க்காலையும் எதற்கு எழுத வேண்டும் என்று எங்கள் குழுவிலேயே சண்டை வந்தது. டெல்டாவில் மேல்மட்டத் தண்ணீர் ஆற்றோடு ஏறி இறங்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் உப்பு குறையும், பங்குனி சித்திரையில் கூடும். இது தெரியாமல் சித்திரையில் மட்டும் பரிசோதித்துவிட்டு 'கெட்டுப்போச்சு' என்று கத்தினால், எதிரில் இருப்பவர் ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார். ஒரு முழு வருஷத்தின் கணக்காவது கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற பம்புகளை மட்டும் பார்க்காதீர்கள். ஊரின் அடுத்த கோடியில், சம்பந்தமே இல்லாத ஒரு பம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். எங்களைக் காப்பாற்றியதே அந்தச் சம்பந்தமில்லாத பம்புதான்.

ஒரு ஐப்பசியில் எங்கள் வயல் நடுவே இருக்கிற எண்ணெய்க் கிணற்றுக்கு மறுபடி ரிக் வந்தது. புதுக் கிணறு இல்லை, பழையதைச் சரிசெய்கிற வேலை. 'ஒர்க்ஓவர்' என்று அங்கே வேலை செய்த பையன்கள் சொன்னார்கள். இந்த மாதிரி வேலையில் கிணற்றின் அழுத்தத்தை அடக்க உப்புக்கரைசலை உள்ளே செலுத்துவார்கள். துளைக்கும்போது என்றால் பென்டோனைட் களிமண்ணும் பேரைட்டும் கலந்த சேறு. வெளியே வருகிற கழிவு பக்கத்தில் வெட்டிய குழியில் விழும். அந்தக் குழிக்குத் தடிமனான பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்க வேண்டும். எங்கள் ஊர்க் குழியில் விரிப்பு இருந்தது, கரைதான் போதவில்லை. வடகிழக்குப் பருவமழை நம் ஊரில் எப்படிக் கொட்டும் என்று தெரிந்தவர் யாரும் வயல்மட்டத்துக்கு அரை அடி உயரத்தில் கரை போட மாட்டார்கள். இரண்டு நாள் மழையில் குழி நிரம்பி வழிந்து, பக்கத்து வயலில் பாய்ந்து, வடிகாலில் இறங்கி, குளத்துக்குப் போய்விட்டது.

டெல்டா தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒரு ஊருக்கு வடிகாலாக இருப்பது அடுத்த ஊருக்குப் பாசன வாய்க்காலாக இருக்கும். மேல்தலைப்பில் வழிந்தது கீழ்த்தலைப்பில் நாற்றுக்குப் போகும். அதனால் நாங்கள் முதலில் செய்தது கலெக்டருக்குப் போன் போடுவது அல்ல. வடிகால் மதகுப் பலகையை இறக்கி அடைத்துவிட்டு, கீழ் ஊருக்கு ஆள் அனுப்பியதுதான். சுற்று வட்டாரத்தில் எந்த மதகை யார் திறப்பார், யார் அடைப்பார் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் போராட்டக்குழு, கட்சி எல்லாம் உதவாது, நீர்ப்பாய்ச்சிதான் உதவுவார்.

குளத்துத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மாதிரி மினுமினுப்பு இருந்தது. உடனே வாட்ஸாப்பில் 'குளத்தில் கச்சா எண்ணெய்' என்று வீடியோ பறந்தது. எனக்கு இந்த வீடியோக்கள் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. டெல்டாத் தண்ணீரில் இரும்பு அதிகம். குடத்தில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிறதே, அது இரும்புதான். தேங்கிய இடத்தில் இரும்பைத் தின்று வாழ்கிற பாக்டீரியாவும் அச்சு அசலாக எண்ணெய் போலவே படலம் கட்டும். வித்தியாசம் பார்க்க ஒரு குச்சி போதும். படலத்தைக் குச்சியால் கலையுங்கள். பாக்டீரியாப் படலம் என்றால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து தனித்தனியாக நிற்கும். எண்ணெய் என்றால் கலைந்த இடம் மறுபடி கூடிக்கொள்ளும். எங்கள் குளத்தில் மேற்கு மூலையில் கூடியது, கிழக்கில் உடைந்தது. அதாவது, இரண்டும் இருந்தன. நாங்கள் மேற்கு மூலையில் மட்டும்தான் மாதிரி எடுத்தோம். வீடியோ எடுத்த தம்பி கிழக்கில் நின்று எடுத்திருந்தான்.

வாயுக் குமிழும் அப்படியே. நெல்வயலின் சேறே மீத்தேன் விடும், குளத்தடிச் சேறும் விடும். கைப்பம்பில் குமிழ் வந்தால் அது ஆழத்திலிருந்து வந்தது என்று சத்தியம் செய்யாதீர்கள். சேற்றில் உண்டான மீத்தேனையும் ஆழத்தில் உண்டான மீத்தேனையும் கார்பன் ஐசோடோப்பு ஆய்வில் பிரித்துச் சொல்ல முடியும். செலவு பிடிக்கிற வேலை. கிராமம் செய்துகொள்ள முடியாது, ஆனால் கோர்ட்டிலோ பசுமைத் தீர்ப்பாயத்திலோ 'இதைச் செய்யச் சொல்லுங்கள்' என்று கேட்கலாம்.

மாதிரி எடுப்பதில் நாங்கள் கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நிறைய வழக்குகள் பாட்டிலிலேயே தோற்றுப்போகின்றன. கைப்பம்பு என்றால் ஐந்து பத்து நிமிடம் அடித்து, குழாயில் நின்ற பழைய தண்ணீர் போன பிறகு பிடிக்க வேண்டும். உப்பு, கடினத்தன்மை மாதிரியான சாதாரண சோதனைக்குச் சுத்தமான இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன் போதும், அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டு நிரப்பலாம். எண்ணெய்ச் சோதனைக்கு இது ஆகாது. கண்ணாடிப் பாட்டில்தான் வேண்டும், அதை மாதிரித் தண்ணீரால் அலசவே கூடாது. அலசினால் எண்ணெய் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு கணக்கு கூடிக் காட்டும், எதிர்த்தரப்பு அதைச் சொல்லியே அறிக்கையைத் தள்ளிவிடும். பென்சீன் வகைகளைப் பார்க்க வேண்டுமென்றால் காற்றுக்குமிழே இல்லாமல் நிரப்புகிற சின்னக் குப்பியும், உலோகங்களைப் பார்க்க அமிலம் விட்ட பாட்டிலும் ஆய்வகமே தரும். முதல் நாளே போன் செய்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மீன் விற்கிற அண்ணன் ஒருவர் தன் தெர்மாகோல் பெட்டியைக் கொடுத்தார். கழுவிவிட்டுத்தான் வைத்தோம் என்பதையும் நோட்டில் எழுதினோம்.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஜோடி எடுத்தோம். ஒன்று குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு, இன்னொன்று ஆய்வகங்களுக்கான தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கு. பாட்டில் மேல் காகிதம் சுற்றி, அரக்கு மாதிரி மெழுகு வைத்து, பஞ்சாயத்துத் தலைவரும் வி.ஏ.ஓ.வும் கையெழுத்துப் போட்டார்கள். வி.ஏ.ஓ. முதலில் தயங்கினார். "நான் தண்ணி கெட்டுருச்சுன்னு எழுதலைங்க சார், இந்தத் தேதில இந்த பம்புல எடுத்தாங்கன்னு மட்டும் போடுங்க" என்றதும் போட்டுவிட்டார். அதிகாரிகளிடம் தீர்ப்பு கேட்காதீர்கள், சாட்சி மட்டும் கேளுங்கள், அதைத் தருவார்கள்.

எதைச் சோதிக்கச் சொல்வது? 'எல்லாத்தையும் பாருங்க' என்றால் பணம் கரைந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை. குளோரைடு 250, அதிகபட்சம் 1,000. இவற்றோடு பேரியம் சேர்க்கச் சொன்னோம். துளைக்கும் சேற்றில் போடுகிற பேரைட் என்பதே பேரியம் சல்பேட்தான், ஆழத்து உப்புநீரிலும் பேரியம் இருப்பதுண்டு. குடிநீரில் அதன் வரம்பு 0.7 மில்லிகிராம். அப்புறம் எண்ணெய்ப் பொருள், பீனால், ஈயம். குழிக் கழிவை நிலத்தில் விடுவதற்குத் தனி வரம்பு உண்டு: எண்ணெய்ப் பசை 10, குளோரைடு 600, டி.டி.எஸ். 2,100. குளத்து மாதிரியை இதோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முடிவு வந்தது. குழிக்குப் பக்கத்துக் கைப்பம்பில் குளோரைடு 800-ஐத் தாண்டியிருந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் எங்கள் நோட்டில் அது 300-க்கு மேல் போனதே இல்லை. சார் ஆட்சியர் முன்னால் கூட்டம். கம்பெனி தரப்பில் வந்த இஞ்சினியர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"அம்மா, இது கடல் தண்ணி ஏறுறது. இந்தப் பக்கம் எல்லா ஊர்லயும் இருக்கு. எங்க வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

அவர் சொன்னதில் பாதி உண்மை. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கமெல்லாம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது நாட்டுக்கே தெரியும். கொள்ளிடம் ஆற்றிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அவ்வளவு தூரத்துக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் தருவதே அதனால்தானே. இந்தப் பாதி உண்மைதான் டெல்டாவில் எல்லாக் கசிவுக்கும் குடை பிடிக்கிறது.

நான் நோட்டை எடுத்து வைத்தேன். "சார், கடல் கிழக்கே இருக்கு. கிழக்குத் தெரு பம்பு கடலுக்குக் கிட்ட. அதுல ஒரு மாத்தமும் இல்லை, இந்தா பாருங்க. மேலத் தெருவுல குழிக்குப் பக்கத்துல இருக்கறது மட்டும் ஏறியிருக்கு. கடல் தண்ணி கிழக்குத் தெருவைத் தாண்டிக் குதிச்சு வந்துச்சா?" அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இஞ்சினியரும் லேசாகச் சிரித்தார். மழை பெய்து வாய்க்கால் நிறைந்து ஓடுகிற ஐப்பசியில் உப்பு குறையத்தான் வேண்டும், ஏறக் கூடாது என்று நோட்டின் முந்தைய பக்கங்களைக் காட்டிச் சொன்னதும் பேச்சு வேறு திசைக்குப் போனது. சம்பந்தமில்லாத பம்பையும் மழையையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

கிடைத்தது என்ன என்றால், குழியை வழித்து எடுத்துப் போனார்கள், வயலில் படிந்ததைச் சுரண்டி எடுத்தார்கள், குளத்தை இறைத்தார்கள், அந்த வயல்காரருக்கு ஒரு போகத்துக்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள். கைப்பம்புக்குப் பதிலாக வேறு இடத்தில் பம்பு. இனி மழைக்காலத்தில் ஒர்க்ஓவர் வேலை வைப்பதானால் பஞ்சாயத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் ஏற்றினோம். குழிக்கு வடக்கே இருந்த ஒரு போரில் பேரியம் கொஞ்சம் கூடியிருந்தது. அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை, அந்தப் போருக்கு எங்களிடம் பழைய கணக்கும் இல்லை. கணக்கு இருந்த பம்புக்கு நியாயம் கிடைத்தது, இல்லாத போருக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

நோட்டோடு காகிதமும் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும், கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். மத்திய அரசு நிறுவனம் என்றால் போஸ்டல் ஆர்டர் வைத்துவிடுங்கள். 'உங்கள் திட்டத்தைப் பற்றிய எல்லா விவரமும்' என்று கேட்டால் ஒன்றும் வராது. நாங்கள் கேட்டவை இவை: அந்தக் கிணற்றின் சுற்றுச்சூழல் அனுமதி நகல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் அதன் நிபந்தனைகளும். அனுமதி வாங்கியவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1-க்கும் டிசம்பர் 1-க்கும், தர வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கைகள். நன்னீர் அடுக்கைத் தாண்டி எத்தனை மீட்டர் வரை மேல் உறைக்குழாய் இறக்கினார்கள், அதைச் சுற்றி ஊற்றிய சிமெண்ட் தரைமட்டம் வரை ஏறியதா, சிமெண்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் 'பாண்ட் லாக்' எடுத்தார்களா. நம் குடிதண்ணீருக்கும் ஆழத்து உப்புநீருக்கும் நடுவில் இருப்பது அந்த இரும்புக் குழாயும் அதைச் சுற்றிய சிமெண்டும்தான். பல பேர் வாயு, வெடிப்பு என்று பெரிய விஷயங்களைப் பேசுகிறார்கள். சிமெண்டைக் கேட்பவர்கள் குறைவு.

அனுமதி விஷயத்தில் 2020 ஜனவரி 16-ல் நடந்த மாற்றத்தையும் தெரிந்து வையுங்கள். எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடுகிற துளையிடல் வேலையை மத்திய அரசு 'பி2' பிரிவுக்கு இறக்கியது. அந்தப் பிரிவில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. முன்பு தமுக்கடித்துச் சொல்வார்கள், கூட்டம் போடுவார்கள், நாம் போய்க் கத்துவோம். இப்போது சோதனைக் கிணறு விண்ணப்பம், சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறுகிறதா என்று நாமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற பெண் மாவட்டப் பெயரைப் போட்டு அவ்வப்போது தேடிப் பார்க்கிறாள்.

குழாய் பதிக்க நோட்டீஸ் வந்தால் வேறு கணக்கு. அது 1962-ம் ஆண்டுப் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம். நிலம் நம் பெயரிலேயே இருக்கும், அடியில் குழாய் வைக்கிற பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும் பயிர், மர நஷ்டமும்தான் ஈடு. அப்புறம் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. போர் போட வேண்டிய மூலையில் குழாய் போனால் வயலுக்குத் தண்ணீரே இல்லாமல் போகும். அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணை எழுத்தில் போய்ச் சேர வேண்டும். நிறையப் பேர் இந்த 21 நாளை 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம் என்பதை முதல் பத்தியிலும், அப்படியே வந்தாலும் என் போரிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பதை இரண்டாவது பத்தியிலும் எழுதுங்கள். இரண்டாவது பத்தியை எழுதினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று சில தோழர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. சுற்றுச்சூழல் தகராறு என்றால் பிரச்சினை முதலில் தலைகாட்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அதற்கு மேல் 60 நாள் வரை அவர்கள் மனது வைத்தால் உண்டு. நஷ்ட ஈடு கேட்க ஐந்து வருஷம். 'முதலில் தலைகாட்டிய நாள்' எது என்பதை நோட்டு சொல்லும். நாங்கள் போகவில்லை, கூட்டத்தோடு முடிந்தது. ஆனால் போவதற்கான காகிதக் கட்டை அன்றே கட்டி வைத்திருந்தோம், அது எதிரில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

கிராம சபைத் தீர்மானம் பற்றி ஒரு வார்த்தை. 'ஹைட்ரோகார்பன் திட்டத்தை இந்த ஊர் வன்மையாக எதிர்க்கிறது' என்று எத்தனையோ ஊர்கள் தீர்மானம் போட்டிருக்கின்றன. போட வேண்டியதுதான். அதோடு நின்றால் அது ஃபைலில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தீர்மானத்தில் சர்வே எண், எந்தப் பம்பு, யார் சோதிக்க வேண்டும், என்னென்ன பொருள்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, அறிக்கையை எந்தப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. தலைவருக்கு இது பிடித்தது, ஏனென்றால் செய்ய முடிகிற மாதிரி இருந்தது. வருஷத்தில் ஆறு கிராம சபையில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கானது. அன்றைக்குத் தண்ணீர்க் கணக்கைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊரில் 100 பேர் கையெழுத்து வேண்டும். நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் வந்தால் கோரம் தானாக நிரம்பும். தண்ணீர் எடுக்கிறவர்களும் அவர்கள்தான், அதனால் பேச்சும் சுருக்கமாக, விஷயத்தோடு இருக்கும்.

இப்போது எங்களுக்கு இருக்கிற கவலை ஓடுகிற கிணறுகளைப் பற்றியதுகூட இல்லை, கைவிட்ட கிணறுகளைப் பற்றியது. எடுத்து முடித்த கிணற்றைப் பல ஆழங்களில் சிமெண்டால் அடைத்து, தலையை வெட்டி, மூட வேண்டும். சரியாக அடைக்காவிட்டால் ஆழத்து உப்புநீரும் வாயுவும் மேலேறி வர அதுவே பாதையாகிவிடும். சட்டம் புதிய கிணறுகளைத் தடுத்துவிட்டதால், பழையவை ஒவ்வொன்றாக வற்றி மூடப்படுகிற காலம் டெல்டாவுக்கு வரத்தான் போகிறது. எங்கள் ஒன்றியத்தில் கைவிடப்பட்ட கிணறுகள் எவை, எந்த சர்வே எண்ணில், எந்த ஆண்டு, எந்தெந்த ஆழத்தில் அடைத்தார்கள் என்று கேட்டு மனுப் போட்டோம். 'தொழில்நுட்ப ரகசியம்' என்று பதில் வந்தது. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. கம்ப்யூட்டர் சென்டர் பெண் அதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து மூன்று பஞ்சாயத்துகளும் அதே மனுவைத் தங்கள் பெயரில் போடுவதாகச் சொல்லியிருக்கின்றன. அந்தந்த ஊர்ப் பெட்டியும் பீரோவிலிருந்து வெளியே வந்தாயிற்று. ஒன்றில் மருந்து காலாவதியாகிவிட்டது என்று தெரிந்து, புது மருந்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள்.